சந்து முனை ஃபோ கடை: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

ஹோ சி மின் நகரத்தில், இங்குள்ளவர்கள் பேச்சில் இன்றும் சைகோன் என்றே சொல்லும் ஊரில், ஒரு ஃபோ கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். மாரியம்மன் கோயிலைப் பார்க்கவும் வேலை நிமித்தமாகவும் ஊரிலிருந்து வருகிற உறவினர்களும் நண்பர்களும் அந்தக் கடையைக் கடந்துதான் என் வீட்டுப் படியேற வேண்டும். ஏறி வந்ததும் அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். கடையை நடத்துவது கணவன், மனைவி, மனைவியின் தாயார், கல்லூரியில் படிக்கும் மகள் ஆகிய நால்வர். எனக்குத் தெளிவில்லாதவற்றை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஃபோ என்பது நூடுல்ஸா, சூப்பா?"

இரண்டும் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு. அரிசி மாவில் செய்த தட்டையான நூடுல்ஸ், எலும்பை மணிக்கணக்கில் காய்ச்சி எடுத்த தெளிந்த சாறு, மெல்லியதாக அரிந்த இறைச்சி, மேலே தூவிய வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் ஆகியவை ஒரே கிண்ணத்தில் வரும். நம் ஊர் உணவகங்களில் சாப்பாட்டுக்கு முன் பசியைத் தூண்டக் கொடுக்கும் சூப்புடன் இதை ஒப்பிடக் கூடாது. பெரும்பாலோருக்கு இது காலை உணவு. நமக்கு இட்லி எப்படியோ அப்படி.

அரிசியை ஊறவைத்து அரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணிமீது மாவை மெல்லப் பரப்பி ஆவியில் வேகவைத்து, பிறகு நாடாவாக அறுப்பது நூடுல்ஸின் செய்முறை. எங்கள் கீழ்க்கடைக்காரர்கள் இதைத் தாங்களே செய்வதில்லை. இதற்கென்றே உள்ள வேறொரு குடும்பத்தினர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

"நான் 'போ' என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எப்படித்தான் உச்சரிப்பது?"

தமிழில் ஃபோ என்று எழுதுவது வசதிக்காகத்தான். உண்மையான உயிரொலிக்கு உதடு குவியாது. ஃப, ஃபெ ஆகிய இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதன்மேல் குரல் சற்று இறங்கி, கேள்வி கேட்பதுபோல மேலே ஏற வேண்டும். வியட்நாமிய மொழியில் அந்தத் தொனிக்குப் பெயரே 'கேட்கும் தொனி' என்பதுதான். கடைக்காரப் பெண்மணி எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்வார். சிரிப்பில் கேலி இல்லை.

"மாடிப்படியில் நின்றாலே பிரியாணி வாசம் வருகிறதே, ஏன்?"

சரக்குகள் ஒன்றாக இருப்பதால். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய கறுப்பு ஏலக்காய், தனியா, சிலர் கைப்பக்குவத்தில் சோம்பு என ஃபோ சாற்றுக்குள் போகும் பெரும்பாலானவை நம் அஞ்சறைப் பெட்டிக்கும் பழக்கமானவை. அன்னாசிப்பூவுக்கு வியட்நாமில் பேர்பெற்ற இடம் சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மலைப்பகுதி. இங்கே பயன்படும் பட்டை இலங்கையின் மெல்லிய கறுவாப்பட்டை அன்று; தடித்து, காரமாக இருக்கும் இன்னொரு வகை.

வேறுபாடு கையாளும் விதத்தில் இருக்கிறது. நாம் எண்ணெயிலோ நெய்யிலோ தாளித்துச் சரக்கின் மணத்தைக் கொழுப்பில் ஏற்றுகிறோம். இவர்கள் வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து சாற்றில் தொங்கவிடுகிறார்கள். மணம் இறங்கியதும் முடிச்சை வெளியே எடுத்துவிடுகிறார்கள். நேரம் தவறினால் சாறு கஷாயம்போல் கசக்கும் என்பதால், முடிச்சை எடுக்கும் பொறுப்பு மாமியாருடையது. அவர் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

"எலும்பு வெந்த தண்ணீர்தானே, அதற்கு ஏன் ராத்திரி முழுக்க அடுப்பு எரிய வேண்டும்?"

மாட்டின் கால் எலும்பையும் முட்டி எலும்பையும் முதலில் நீரில் ஊறவைத்துக் குருதியை வெளியேற்றுகிறார்கள். பிறகு ஒரு கொதி விட்டு, அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, எலும்புகளைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். புதுத்தண்ணீரில் மறுபடியும் ஏற்றிய பின்பே உண்மையான வேலை ஆரம்பிக்கும். தோலோடு தணலில் சுட்டுக் கருகலைச் சுரண்டிய இஞ்சியும் வெங்காயமும் இந்தக் கட்டத்தில் சேரும். சாற்றின் நிறத்திலும் இனிப்பிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

அதன்பின் 8 முதல் 12 மணி நேரம் வரை அடுப்பு தணிந்தே எரிய வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பும் நுரையும் சாற்றோடு கலந்து அது கலங்கிவிடும். கலங்கிய சாற்றை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் தோல்வியாகவே எண்ணுகிறார்கள். மேலே வரும் நுரையை ஒருவர் அவ்வப்போது வழித்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அண்டாவை வைத்துவிட்டுத் தூங்கப் போக முடியாது. கீழே கணவர் மாலை ஐந்து மணிக்கு அடுப்பை ஏற்றுகிறார். நள்ளிரவுக்குப் பின் மனைவி மாற்றிக்கொள்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கு முதல் கிண்ணம் விற்கிறது. எலும்பை வாங்கக் காசு போதும். இரவு முழுவதும் முறைபோட்டு விழித்திருக்க ஆள் வேண்டும். இந்தத் தொழில் குடும்பங்களிடம் நிலைத்திருப்பதற்கு என் பார்வையில் முதன்மையான காரணம், அந்த ஆள் வீட்டிலேயே கிடைப்பதுதான்.

"காலை பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது என்கிறார்கள். நல்ல வியாபாரம் நடக்கும்போது இன்னொரு அண்டா வைத்தால் என்ன?"

இதே கேள்வியை நானும் ஒருமுறை கேட்டேன். மனைவி அளித்த பதில்: "இரண்டாவது அண்டாவுக்கு யார் விழித்திருப்பது?" முந்தைய பதிலில் சொன்ன இரவு வேலையை எண்ணிப் பார்த்தால் கணக்கு விளங்கும். சாற்றில் தண்ணீர் சேர்த்து நீட்டுவது எளிது. அதைச் செய்யும் கடைகளும் இருக்கின்றன. மூன்று நாளில் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாக் கடைகளும் காலையோடு மூடுவதில்லை. சைகோனில் இரவு வரை திறந்திருக்கும் பெரிய கடைகள் பல உண்டு. அங்கே கூலிக்கு ஆள் வைத்து முறைமாற்றி நடத்துகிறார்கள். எங்கள் சந்தில் பத்தரைக்கு ஃபோ மேசைகள் உள்ளே போனதும், அதே நடைபாதையில் வேறொரு குடும்பம் மதியச் சோறு விற்க மேசை போடுகிறது. சந்திர நாட்காட்டிப்படி வரும் புத்தாண்டான தெத் காலத்தில் பல நாட்கள் எதுவுமே கிடைக்காது. கடைக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

"மெனு கார்டே இல்லை. போய் உட்கார்ந்து என்ன கேட்பது?"

சுவரில் எழுதியிருப்பவை பெரும்பாலும் இறைச்சித் துண்டின் பெயர்கள்; கிண்ணமும் சாறும் ஒன்றே. 'தாய்' என்றால் பச்சையாக அரிந்து கொதிக்கும் சாற்றை ஊற்றியது, 'சீன்' என்றால் முன்பே வேகவைத்தது, 'நாம்' அடிவயிற்றுக் கறி, 'கௌ' கொழுப்பு படர்ந்த நெஞ்சுக்கறி, 'கன்' தசைநார், 'போ வியென்' மாட்டிறைச்சி உருண்டை. முதல் தடவை வந்த என் சித்தப்பா "தாய், நாம்" என்று படித்துவிட்டு, இது என்ன குடும்ப அட்டையா என்று கேட்டார்.

கூப்பிடுவதற்கும் இங்கே உறவுமுறைதான். நம்மைவிடச் சற்று மூத்த பெண்ணை 'சி', அதாவது அக்கா என்றும், மூத்த ஆணை 'ஆன்', அதாவது அண்ணன் என்றும், தாயின் வயதில் இருப்பவரை 'கோ' என்றும் அழைத்துப் பின்னால் 'ஒய்' சேர்க்க வேண்டும். வெறுமனே கையைத் தட்டி அழைப்பது நம் ஊரைப் போலவே இங்கும் மரியாதைக் குறைவு.

"பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டால் வயிறு கெடாதா?"

தாய் வகையில் இறைச்சியைக் காகிதம்போல் மெல்லியதாக அரிவதற்கே காரணம், ஊற்றும் சாற்றின் சூட்டிலேயே அது நிறம் மாறி வேக வேண்டும் என்பதுதான். ஆயினும் அது முழுமையாக வெந்ததாகாது. கருவுற்றவர்களும் குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் சீன் கேட்பது நல்லது. அப்படிக் கேட்பதை எந்தக் கடைக்காரரும் குறையாக நினைப்பதில்லை.

"மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் உள்ளேயே போகக் கூடாதா?"

போகலாம், ஆனால் கடையைத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும். 'ஃபோ கா' என்பது கோழி ஃபோ. 1939 வாக்கில் ஹனோயில் திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி விற்கப்படாமல் போனதால் கோழிக்கு மாறினார்கள் என்று அதன் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் முகம் சுளித்த பழைய ரசிகர்கள் உண்டு. இன்று கோழியை மட்டுமே விற்கும் பெயர்பெற்ற கடைகள் இரு நகரங்களிலும் உள்ளன.

மாட்டிறைச்சியும் கோழியும் இரண்டும் விற்கும் கடையில் சாற்று அண்டா வேறாக இருந்தாலும், நூடுல்ஸை முக்கி எடுக்கும் வெந்நீர்ப் பானையும் சல்லடைக் கரண்டியும் பொதுவாகவே இருக்கும். சில கடைகளில் சாறும் ஒன்றே. மத நம்பிக்கை காரணமாகத் தவிர்ப்பவர்கள் கோழி மட்டும் விற்கும் கடைக்குப் போவதே நிம்மதி. எங்கள் கீழ்க்கடை மாட்டிறைச்சிக் கடை. அங்கே வழியில்லை என்று வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"கறியை எடுத்துவிட்டு வெறும் சூப்பும் நூடுல்ஸும் கொடுங்கள் என்றால் அது சைவம்தானே?"

இல்லை. மேலே சொன்னபடி அந்தச் சாறே எலும்பிலிருந்து வந்தது. அதில் மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் ஃபிஷ் சாஸும் சேர்ந்திருக்கும். வடக்கே சில பழைய கடைகளில் சாற்றின் இனிப்புக்குக் காய்ந்த கடற்புழுவைக்கூடச் சேர்ப்பார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றை நல்ல மனத்துடனேயே ஊற்றிக் கொடுப்பார்கள்.

சொல்ல வேண்டிய சொல் 'சய்'. 'அன் சய்' என்றால் பௌத்த வழக்கப்படி புலால் விலக்கி உண்பது. முள்ளங்கி, கேரட், சோளம், காளான் ஆகியவற்றைக் காய்ச்சிய சாற்றில் சோயாக் கட்டி சேர்த்து 'ஃபோ சய்' கிடைக்கும். அதைத் தேட வேண்டியது 'சய்' என்று பலகை வைத்த கடைகளில். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, பலர் விரதம் இருப்பதால் அன்று சைவ உணவு எங்கும் எளிதாகக் கிடைக்கும். நாட்காட்டியைப் பார்த்துப் பயணத்தை அமைத்த ஒரு மாமியை எனக்குத் தெரியும்.

"ஹலால் கிடைக்குமா?"

கிடைக்கும். பென் தான் சந்தைக்கு அருகில் நுயென் அன் நின் தெருவில் ஹலால் உணவகங்கள் வரிசையாக உள்ளன. ஃபோவும் அங்கே உண்டு. தோங் து தெருவில் உள்ள பெரிய பள்ளிவாசல் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது என்பதால் தொழுகைக்கும் தொலைவு போக வேண்டியதில்லை.

"தட்டு நிறைய இலைகளும் முளைகட்டிய பயறும் வைத்தார்கள். எல்லாவற்றையும் போட வேண்டுமா? ஹனோயில் இவை எதுவும் வரவில்லையே?"

ஹனோயில் வராமல் போனது விடுபடல் அன்று. ஃபோ வடக்கில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹனோய் மற்றும் துணி ஆலை நகரமான நாம் தின் பகுதிகளில் தெருவோரத்தில் வளர்ந்த உணவு. தோளில் காவடிபோல் தண்டு சுமந்து, ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் கிண்ணங்களுமாகத் தெருத்தெருவாக விற்றார்கள். அன்று நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி உண்ணும் பழக்கத்தைப் பரப்பியதால் எலும்பு மலிந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் காரணம். பெயர் பிரெஞ்சிலிருந்து வந்ததா, சீனத்திலிருந்து வந்ததா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. வடக்கத்திய கிண்ணத்தில் சாறே தலைமை. உடன் பூண்டு ஊறிய காடியும் மிளகாயும் மட்டும்.

1954இல் ஜெனீவா உடன்படிக்கை நாட்டை இரண்டாகப் பிரித்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள். அவர்களுடன் வந்த ஃபோ, காய்கறியும் இனிப்பும் மிகுந்த தென்னக நாக்குக்கு ஏற்ப மாறியது: சாற்றில் கற்கண்டு, தட்டில் துளசிக்கு உறவான ஒரு மணக்கீரை, ரம்பம்போல் விளிம்புள்ள நீளமான மல்லி இலை, முளைப்பயறு, எலுமிச்சை, பக்கத்தில் கறுப்பு இனிப்புச் சாஸ். அனைத்தையும் கொட்டிக் கிளறுவது கட்டாயமில்லை. முதலில் ஒரு கரண்டிச் சாற்றை அப்படியே சுவைத்துவிட்டு, பிறகு இலையைக் கிள்ளிப் போடுங்கள்; சாஸைச் சிறு தட்டில் ஊற்றி இறைச்சியை அதில் தொட்டுக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் சாஸை ஊற்றுகிறவர்களைக் கீழே மாமியார் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பார்ப்பார்.

"கேட்காமலே வைத்த ஈரத்துண்டுக்கும் பொரித்த மாவுத் துண்டுக்கும் காசு வாங்கிவிட்டார்களே, ஏமாற்றா?"

வழக்கம் அப்படித்தான். பொதியில் வரும் ஈரத்துண்டைப் பிரித்தால் கணக்கில் சேரும், பிரிக்காவிட்டால் சேராது. சாற்றில் தோய்த்து உண்ணும் 'குவாய்' என்ற பொரித்த துண்டும் எண்ணிக்கைப்படிதான். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. ஹனோயின் பாத் தான் தெருவிலுள்ள புகழ்பெற்ற கடைபோல், வரிசையில் நின்று முதலில் பணம் கொடுத்து நம் கிண்ணத்தை நாமே ஏந்திப் போக வேண்டிய இடங்களும் உண்டு.

"இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சிவிட்டு அஜினமோட்டோவும் போடுகிறார்களாமே?"

பெரும்பாலான கடைகளில் போடுகிறார்கள்; எங்கள் கடையிலும்தான், மறைப்பதில்லை. எலும்புச் சாற்றில் இயல்பாகவே உள்ள சுவையைச் சற்றுத் தூக்கிக் காட்ட ஒரு சிட்டிகை என்பதும், எலும்பைக் குறைத்துவிட்டு அதை ஈடுகட்டக் கைநிறைய அள்ளிப் போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைச் சாற்றைக் குடித்தால் நா வறண்டு தண்ணீர் கேட்கும். வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லலாம், ஆனால் அண்டாவிலேயே கலந்திருந்தால் பயனில்லை.

"'பரம்பரைக் கடை, மூன்று தலைமுறை' என்று பலகையில் இருக்கிறது. நம்பலாமா?"

பலகையில் இருக்கும் 'யா ட்ருயென்' என்ற தொடருக்கு, குடும்ப வழியில் கைமாறியது என்று பொருள். யாரும் எழுதிக்கொள்ளலாம், தடையில்லை. ஒரே பெயருடைய கடைகள் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹனோயில் 'ஃபோ தின்' என்று பெயர்பெற்றவை இரண்டு: ஏரிக்கரைக் கடை 1955இல் தொடங்கியது; இறைச்சியைப் பூண்டோடு வதக்கிப் போடும் லோ துக் தெருக் கடை 1979இல் தொடங்கியது. இரண்டுக்கும் உறவில்லை.

ஆண்டுகளை எண்ணும்போது இன்னொன்றையும் கருத வேண்டும். வடக்கில் பொதுவுடைமைப் பொருளாதாரம் நடந்த பல ஆண்டுகள் தனியார் உணவுக் கடைகள் ஒடுங்கி, அரசுக் கடைகளில் பங்கீட்டு முறையில் ஃபோ விற்றது. இறைச்சியே இல்லாத அந்தக் கிண்ணத்தை, அன்று வானில் பறந்த அமெரிக்க ஆளில்லா விமானங்களை நினைத்து 'ஓட்டுநர் இல்லாத ஃபோ' என்று மக்கள் கேலி செய்தார்கள். 1986இல் தொடங்கிய சீர்திருத்தங்களுக்குப் பின்பே குடும்பக் கடைகள் தாராளமாகத் திரும்பின. ஆகவே மூன்று தலைமுறை என்பது இடைவெளி இல்லாத கடையைக் குறிக்காமல், தாத்தா தண்டு சுமந்தது, அப்பா ஆலை வேலைக்குப் போய்விட்டு வீட்டில் மட்டும் காய்ச்சியது, பேரன் மறுபடி கடை போட்டது என்ற வரிசையைக் குறிக்கலாம். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான பரம்பரைக்கு உறுதியான எடுத்துக்காட்டு வேண்டுமானால், பழைய நாம் தின் மாகாணத்தின் வான் கூ கிராமம். ஹனோயிலும் பிற ஊர்களிலும் ஃபோ விற்கும் ஏராளமான குடும்பங்களுக்குச் சொந்த ஊர் அதுவே; அவர்களில் பலருக்கு 'கோ' என்பது குடும்பப் பெயர் என்பதால் பலகைகளில் அதைக் காணலாம். 2024இல் ஹனோய் ஃபோவும் நாம் தின் ஃபோவும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டே மாகாண இணைப்பில் நாம் தின், நின் பின்னுடன் சேர்ந்து தனிப்பெயரை இழந்தது. பலகைகளில் மட்டும் மாறவில்லை.

"போர்க்காலத்தில் ஒரு ஃபோ கடை மாடியில் தாக்குதலுக்குத் திட்டமிட்டார்கள் என்பது கதையா?"

உண்மை. சைகோனில் இன்றைய லி சின் தாங் தெருவில் உள்ள 'ஃபோ பின்' கடையே அது. பின் என்றால் அமைதி என்று பொருள். அதை நடத்திய நோ தோவாய், கீழே அமெரிக்கப் படைவீரர்களுக்கும் கிண்ணம் வைத்துக்கொண்டு, மேலே அமெரிக்காவையும் அதன் ஆதரவு பெற்ற தென் வியட்நாம் அரசையும் எதிர்த்துப் போரிட்ட விடுதலை முன்னணியினரின் மறைவான தலைமையிடத்துக்கு இடம் கொடுத்திருந்தார். 1968 தெத் புத்தாண்டை ஒட்டித் தென் வியட்நாம் நகரங்கள்மீது அவர்கள் தரப்பு நடத்திய தாக்குதலுக்கான சைகோன் உத்தரவு அந்த மாடியிலிருந்து பிறந்தது. பின்னர் அவர் கைதாகிச் சிறையில் இருந்தார். விடியுமுன் ஆட்கள் வந்துபோவதும் இரவெல்லாம் விளக்கு எரிவதும் யாருக்கும் ஐயம் தராத ஒரே தொழில் இது என்பதை, நான்காவது கேள்வியின் பதிலைப் படித்தவர்கள் உணரலாம்.

"ஊரில் குக்கரில் செய்ய முடியுமா?"

முடியும். முதல் கொதி நீரைக் கொட்டிக் கழுவும் வேலையை மட்டும் விடாதீர்கள். கோழியானால் சிறு தீயில் 40 நிமிடமும், ஆட்டு எலும்போ மாட்டு எலும்போ ஆனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமும் போதும். நடுவில் குக்கரில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குக்கருக்குள் சாறு புரளாததால் ஓரளவு தெளிவாகவே வரும். அன்னாசிப்பூ ஐந்து பேருக்கு மூன்று மிகாமல் போடுங்கள். சரக்கு முடிச்சைக் குக்கரில் போடாமல், திறந்தபின் அரை மணி நேரம் மட்டும் ஊறவிடுங்கள். கடைகளில் கிடைக்கும் காய்ந்த அரிசி நூடுல்ஸ் போதுமானது; தனியே வேகவைத்துக் கிண்ணத்தில் போட்ட பிறகுதான் சாற்றை ஊற்ற வேண்டும்.

"அந்தப் பெண் படித்து வேலைக்குப் போய்விட்டால் கடை என்ன ஆகும்?"

கேட்கத் தயங்கித்தான் கேட்டேன். கணக்கியல் படிக்கும் அவளுக்கு அண்டாவின் முன் விழித்திருக்க விருப்பமில்லை. பெற்றோருக்கும் அவளை உட்காரவைக்கும் எண்ணம் இல்லை. பாட்டி கைப்பிடியாக அள்ளும் சரக்கை அவள் ஒரு விடுமுறையில் சமையல் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று குறிப்பேட்டில் எழுதினாள். மூன்று நாள் நிறுத்ததில் மூன்று விதமாக வந்தது. மழைநாளில் இஞ்சி கூடுதல் என்று பாட்டி விளக்கம் சொன்னார்; அதையும் எழுதிக்கொண்டாள். கணவரின் தம்பி மகன் ஒருவன் ஊரிலிருந்து வந்து இப்போது இரவு முறையில் பாதியைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு இன்னும் முடிச்சை எடுக்கும் உரிமை தரப்படவில்லை.